பதினான்காம் வரிசை, இருபத்திரண்டாம் இருக்கை

மைதானத்தின் வடக்கு கேலரிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. மேலே ஜனங்கள் உட்காரும் படிகள்தான் அதற்குக் கூரை. கதவருகே நிற்கிறவர் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கலாம். நாலு மேசை தாண்டினால் தலையைக் குனிய வேண்டும். கடைசி மேசையில் எழுந்து நிற்பது என்ற பேச்சே கிடையாது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆனதால் அந்தக் கடைசி மேசை சின்னவளுக்கு வந்திருந்தது.

அறைக்கு வெளியே 'உறவுப் புதுப்பித்தல் பிரிவு' என்று எழுதியிருக்கும். கால்பந்து ஆட்டங்களுக்கு ஆண்டுச் சீட்டு எடுத்திருந்தவர்கள் அடுத்த ஆண்டுக்கு எடுக்காமல் விட்டால், அவர்களைப் போனில் பிடித்து ஏன் என்று கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி, ஒரு ஹெட்செட், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடி முகம் பார்க்க அல்ல, சிரிப்பைப் பார்க்க. சிரித்துக்கொண்டு பேசினால் குரலில் தெரியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஏழு பெண்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் எங்களை ஏன் விட்டுப் போனீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் நாளில் மேலே சிமென்ட் காய்ந்து அறை அடுப்பாகிவிடும். மழை நாளில் படி இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டும். அதற்கு இரண்டு வாளிகள் இருந்தன.

ஏன் என்பதற்கு ஐந்து பதில்களைத்தான் கணினி ஏற்றுக்கொள்ளும். ஒன்று விலை. இரண்டு வெளியூர் மாற்றம். மூன்று அணியின் ஆட்டம். நான்கு உடல்நிலை. ஐந்து இதர. மூன்றை அழுத்துவதற்கு மட்டும் மேற்பார்வை மேடத்தின் அனுமதி வேண்டும். அணியின் பெயர் காண்டாமிருகங்கள். அதற்கு முன் சிங்கங்களாக இருந்தார்கள். அதே போட்டியில் இன்னும் மூன்று சிங்கங்கள் இருப்பது ஓர் ஆய்வில் தெரியவந்தது. போன பருவத்தில் பதினெட்டு அணிகளில் பதினாறாவதாக வந்தார்கள். விளம்பரத்தில் 'கடைசிவரை போராடியவர்கள்' என்று போட்டார்கள்.

செத்துப்போனவர்களுக்கு எண் கிடையாது. சேர்ந்த புதிதில் சின்னவள் அதைக் கேட்டிருந்தாள்.

"அவங்களத் தனியா காட்டினா விகிதம் கெட்டுடும்மா," என்றார் மேடம். "இடைவெளியில் இருக்கிறார்னு போடு. திரும்பி வர வாய்ப்பிருக்கிற மாதிரி தெரியும்."

அப்பா இடைவெளிக்குப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற வைத்தவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார். சின்னவள் நாலு நாள் விடுப்பு எடுத்தாள். விடுப்புப் படிவத்தில் காரணம் என்று இருந்த இடத்தில் 'குடும்ப நிகழ்ச்சி' என்று எழுதினாள். திரும்பி வந்த அன்று மேடம், "நிகழ்ச்சி நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுது மேடம்," என்றாள். "சாப்பாடெல்லாம்?" "வெளில சொல்லிட்டோம்." மேடம் தன் மேசைக்குத் திரும்பினார். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஹெட்செட்டை மாட்டி, கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வேலை செய்தது.

அப்பா இருபத்தாறு வருஷமாக ஆண்டுச் சீட்டுக்காரர். வடக்கு கேலரி, பதினான்காம் வரிசை, இருபத்திரண்டாம் இருக்கை. அந்த மாதக் கடைசியில் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். விட்டால் இருக்கை கிளப்புக்குத் திரும்பிவிடும். திரும்பினால் என்ன ஆகும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். பத்திலிருந்து பதினாறு வரையுள்ள வரிசைகளில் நடுப்பகுதியை ஒரு மெத்தைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு இருக்கையும் காலியாகக் காலியாக, பிளாஸ்டிக் நாற்காலியைப் பெயர்த்துவிட்டு சோபா போடுவார்கள். சாய்ந்தபடியே ஆட்டம் பார்க்கலாம். காண்டாமிருகங்களின் ஆட்டத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான் என்று அறையில் சொல்லிக்கொண்டார்கள்.

சீட்டைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றலாம். ஆனால் சீட்டுக்காரரே தன் வாயால், பதிவாகும் போனில், ஆமாம் என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. செத்தவர் சீட்டு யாருக்கும் மாறாது.

"எனக்கு அந்த சீட்டு வேணும்," என்றான் பெரியவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரியவன் ஏசி மெக்கானிக். விரல் நுனிகளில் தகடு கிழித்த கீறல் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். காண்டாமிருகங்களை அவனுக்குப் பிடிக்காது. அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா சமையலறை மேசையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கெதுக்கு?" என்றாள் சின்னவள். "நீதான் அந்த டீம எருமை மாடுன்னு சொல்லுவியே."

"இப்பவும் சொல்றேன்."

"அப்புறம்?"

பெரியவன் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டான். "காரியத்தன்னைக்கு வந்தாங்க பாரு, அந்த வரிசைக்காரங்க. ஒம்பது பேரு. அதுல அந்தப் பல் டாக்டர் என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? உங்கப்பா வாயத் தெறந்தா மூட மாட்டாருப்பா, எங்கள சிரிக்க வெச்சே கொன்னுடுவாருன்னாரு."

சின்னவள் மடிப்பதை நிறுத்தினாள். "நம்ம அப்பாவா?"

"நானும் வீடு மாறி வந்துட்டாங்களோன்னு நெனச்சேன். நம்ம வீட்ல அவரு பேசினத மொத்தமா சேத்தா ஒரு பக்கம் தேறாது. அதுல பாதி 'ம்'. அங்க போய் இருபத்தாறு வருஷம் பேசித் தள்ளியிருக்காரு." இன்னொரு பட்டாணி. "அது என்னன்னு எனக்குத் தெரியணும். சும்மா போய்க் கேட்டா ரெண்டு நிமிஷம் நல்லவிதமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. பக்கத்துல உக்காந்தாத்தான் வரும்."

"செத்தவங்க சீட்டு மாறாது அண்ணா."

"செத்தது உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

தெரியாது. அப்பாவின் போனை அம்மா இன்னும் தினமும் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஏன் என்று இருவரும் கேட்டதில்லை.

"நான் அவரு மாதிரியே பேசுவேன்," என்றான் பெரியவன். "வீட்ல நான் அவரு போன எடுத்தா பாதி பேரு அவருன்னு நெனச்சுத்தான் பேசுவாங்க."

"மாட்டினா என் வேல போயிடும்."

"கூப்பிடப் போறது நீ. பேசப் போறது நான். நடுவுல மாட்ட யாரு இருக்கா?"

அது அவளுக்குச் சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. ஆறு வாரமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. ஒரு துண்டை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மூன்றாக மடித்தாள்.

"சரி, பேசு பாப்போம்," என்றாள். குரலை வேலைக்குரியதாக மாற்றிக்கொண்டாள். "வணக்கம் ஐயா. காண்டாமிருகக் குடும்பத்திலிருந்து பேசுகிறேன். உங்களிடம் இரண்டு நிமிடம் பேசலாமா?"

"தாராளமா பேசும்மா," என்றான் பெரியவன், தொண்டையைக் கனைத்துக் கட்டையாக்கிக்கொண்டு.

"தாராளமாவா? அப்பா என்னைக்குத் தாராளமா இருந்தாரு?"

"சரி. சொல்லுங்க."

"அதுவும் நீளம்."

"ம்."

"அது. அப்படியே வெச்சுக்க. உங்கள் இருக்கை எண் ஐயா?"

"பதினாலு, இருபத்திரெண்டு."

"இந்த இருக்கையை உங்கள் மகனுக்கு மாற்ற உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றது. "சம்மதம்னு அவரு சொல்ல மாட்டாரு," என்றாள் அம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் அவளாக ஆரம்பித்த பேச்சு அதுதான். அவர்களைப் பார்க்காமல் கையிலிருந்த தோலைப் பார்த்துச் சொன்னாள். "பாக்கலாம்னுவாரு. எதைக் கேட்டாலும் பாக்கலாம்தான். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, பொண்ணு புடிச்சிருக்கான்னு. அதுக்கும் பாக்கலாம்னாரு."

"அப்புறம் எப்படிம்மா கல்யாணம் ஆச்சு?" என்றாள் சின்னவள்.

"மாட்டேன்னு சொல்லலையே." அம்மா அடுத்த காயை எடுத்தாள். "கொரல் கீழேர்ந்து வரணும். இவன் மூக்குல பேசறான். அவருக்குச் சளி நெஞ்சுல."

அதன் பிறகு ஒத்திகை சூடு பிடித்தது. பெரியவன் நெஞ்சுக்குக் கீழிருந்து பேசினான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அப்பா விடுகிற இடைவெளி எவ்வளவு என்று அம்மா விரலால் மேசையில் தட்டிக் காட்டினாள்: மூன்று தட்டு. இரண்டென்றால் அவசரம், நான்கென்றால் தூங்கிவிட்டார். ஐந்தாவது முறை பெரியவன் 'ம்' என்றபோது சின்னவள் தன்னையறியாமல் அப்பாவின் நாற்காலிப் பக்கம் பார்த்தாள். மடித்த துணிகளை அதன்மேல்தான் வைத்திருந்தாள்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. பதினான்காம் வரிசை மூன்றாவது மேசைப் பெண்ணுக்குப் போயிருந்தது. சின்னவள் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடமிருந்த இரண்டு லேசான ஆட்களைக் கொடுத்தாள். ஒருவர் எப்போதும் சரி என்பவர், இன்னொருவருக்கு அந்தப் பெண்ணின் குரல் பிடிக்கும். பதினொரு மணிக்கு அப்பாவின் எண்ணை அழுத்தினாள். திரையில் சிவப்புப் புள்ளி வந்தது. பதிவு ஆரம்பித்துவிட்டது.

"வணக்கம் ஐயா. காண்டாமிருகக் குடும்பத்திலிருந்து பேசுகிறேன். உங்களிடம் இரண்டு நிமிடம் பேசலாமா?"

மூன்று தட்டு நேரம்.

"ம்."

கண்ணாடியில் அவள் சிரிப்பு கொஞ்சமும் அசையவில்லை. பிறந்த தேதி கேட்டாள். சொன்னார். இருக்கை எண் கேட்டாள். சொன்னார். இருமினார். இருமலை அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

"இந்த இருக்கையை உங்கள் மகனுக்கு மாற்ற உங்களுக்குச் சம்மதமா ஐயா?"

மூன்று தட்டு.

"பாக்கலாம்."

சின்னவள் திரையைப் பார்த்தாள். ஆமாம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. "மன்னிக்கவும் ஐயா. ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சம்மதமா?"

"பாக்கலாம்மா."

பெரியவன் வேண்டுமென்று செய்யவில்லை. நாலு நாள் அந்தக் குரலுக்குள்ளேயே இருந்து பழகியதில் வேறு வார்த்தை வர வழியில்லாமல் போயிருந்தது. ஆமாம் என்று சொன்னால் அது அப்பா இல்லை. அப்பாவாக இருந்தால் ஆமாம் வராது. இதை அவர்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அழைப்பு தானாக மேடத்துக்குப் போய்விடும். நாலு ஆகியிருந்தது.

"ஐயா, தயவுசெய்து. ஒரே வார்த்தைதான்."

"ம்... பாக்கலாம்."

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஹெட்செட்டில் ஏழு மேசைக்கும் கேட்டிருக்கும் போலிருந்தது.

"ஏங்க, ஒரு தடவ ஆமான்னு சொன்னா வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? பச்சப்புள்ள கெஞ்சுதுல்ல. இருபத்தொம்பது வருஷமா நானும் பாக்கறேன், பாக்கலாம், பாக்கலாம். எதைத்தான் பாத்தீங்க? சொல்லித் தொலைங்களேன்."

பாத்திரம் ஒன்று வைக்கப்படும் சத்தம். அதன் பிறகு மூன்று தட்டு, நான்கு தட்டு, ஐந்து. லைனில் யாருமே இல்லாதது போல இருந்தது.

"ஆமாம்," என்றது குரல்.

அது யார் குரல் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. கட்டத்தை அழுத்தினாள். "காண்டாமிருகக் குடும்பத்தின் சார்பில் நன்றி ஐயா. இந்த நாள் இனிய நாளாகட்டும்," என்று படித்தாள். சிவப்புப் புள்ளி அணைந்தது. அடுத்த எண் வந்தது. விலை, என்றார் அவர். ஒன்றை அழுத்தினாள்.

பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவருக்கு அறையில் 'காது' என்று பெயர். வெள்ளிக்கிழமை காது அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்குப் போகிற வழியில், வேலை போனால் அந்த மேசையில் தனக்கென்று எடுத்துப்போக என்ன இருக்கிறது என்று யோசித்தாள். தொண்டைக்கு வாங்கி வைத்த மிட்டாய் அரைப் பொட்டலம் இருந்தது.

"பதினாலு இருபத்திரெண்டு," என்றார் காது. "யாரும்மா அது?"

"பட்டியல்ல வந்துச்சு சார்."

"பின்னணிச் சத்தம் நெறைய. அஞ்சு மார்க் கொறச்சிருக்கேன். அப்புறம், பிராண்டு சார் உன்னப் பாக்கணுமாம்."

பிராண்டு சார் விளம்பரப் பிரிவின் தலைவர். சிங்கத்தைக் காண்டாமிருகமாக்கியவர் அவர்தான். அறை முழுக்க மெத்தைக் கம்பெனி அனுப்பிய தலையணைகள் கிடந்தன. அவள் உட்கார இடமில்லாமல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பதிவைப் போட்டார். அம்மாவின் குரல் நல்ல ஒலிபெருக்கியில் வந்தது.

"கேட்டியா? ஒரு தடவ ஆமான்னு சொன்னா முத்தா உதிர்ந்துடும். இதத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டிருந்தேன்," என்றார். "இது ஒவ்வொரு வீடு. புதுப்பிக்கலாமா வேணாமான்னு புருஷன் இழுப்பான், பொண்டாட்டி போட்டுத் தாளிப்பா. இந்தப் பருவத்துக்கு இதான் நம்ம வாசகம். அந்தம்மா அனுமதி வாங்கிடு."

"அவரு கொரல் சார்?"

பிராண்டு சார் உதட்டைப் பிதுக்கினார். "அது வேணாம். கொரல்ல உயிரே இல்ல. நல்ல ஆளா ஒருத்தர வெச்சுப் பேச வெச்சுக்கலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததா என்றால் அதுவும் வரவில்லை. "சரி சார்," என்று தலையணையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாவின் அனுமதியும் பதிவாக வேண்டும். ஆகவே அதே எண்ணுக்கு அன்றே கூப்பிட்டாள். அம்மா அப்பாவின் போனை எடுத்தாள்.

"வணக்கம் அம்மா. காண்டாமிருகக் குடும்பத்திலிருந்து..."

"சொல்லுங்க," என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். வானொலியில் வரும், பஸ்ஸில் எழுதுவார்கள், மைதானத்தில் பெரிய திரையில் போடுவார்கள்.

"நான் அவர வஞ்சதையா போடுவாங்க?"

"ஆமாம் அம்மா."

"அவரு பேசினது?"

"அதை வேறு ஒருவர் பேசுவார்."

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "இருபத்தொம்பது வருஷம் சொன்னேன், ஒரு காது கேக்கல," என்றாள் அம்மா. "இப்ப ஊரு கேக்குதாம். கேக்கட்டும். எனக்குச் சம்மதம். ஆமாம். எப்படிச் சொல்லணுமோ அப்படி எழுதிக்கங்க." பிறகு, "பட்டாணி மிச்சம் இருக்கு, வரப்ப உருளைக்கெழங்கு வாங்கிட்டு வா," என்று வைத்துவிட்டாள். காது அதற்கும் மதிப்பெண் குறைத்தார்.

பருவத்தின் முதல் ஆட்டத்தன்று தூறல். புதுப்பித்தல் பிரிவுக்காரர்களை இடைவேளையில் மேலே அனுப்பினார்கள். மெத்தைக் கம்பெனியின் கையகலத் தலையணைகளை வரிசைக்கு வரிசை விநியோகிக்க வேண்டும். சின்னவள் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழிருந்து மட்டுமே பார்த்திருந்த படிகளில் ஏறினாள். பதிமூன்றாம் வரிசையில் ஏற்கெனவே நாலு சோபா வந்திருந்தன. மழைக்கு அவற்றைப் பாலிதீன் உறையால் மூடியிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

பெரியவன் இருபத்திரண்டில் இருந்தான். அப்பாவைப் போலவே காலை நீட்டாமல், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்றில் பல் டாக்டர். மடியில் முட்டை ரொட்டிப் பொட்டலம். பெரிய திரையில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு வீடு, சிரித்த முகமாக ஒரு நடுவயதுக்காரர். "பாக்கலாமே," என்று பாட்டுப் போல இழுத்தார். அதற்கு அம்மாவின் குரல் நாலு கேலரிக்கும் போய் எதிரொலித்தது. முத்தா உதிர்ந்துடும் என்ற இடத்தில் ஜனங்கள் சேர்ந்து சொன்னார்கள். வானொலியில் வர ஆரம்பித்த இரண்டாம் வாரமே மனப்பாடம் ஆகியிருந்தது. பெரியவன் திரையைப் பார்க்கவில்லை. பல் டாக்டர் மட்டும், "இந்தாளு எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கான், பற்பசை விளம்பரத்துல வருவான்," என்றார்.

சின்னவள் அண்ணனுக்கு ஒரு தலையணையை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"ஏதாவது சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முதல் பாதி முழுக்க ரொட்டிதான்," என்றான். பிறகு திரும்பி டாக்டரிடம், "அப்பா இங்க என்ன டாக்டர் பேசுவாரு? வீட்டப் பத்தி ஏதாவது?" என்றான்.

டாக்டர் மென்றபடி யோசித்தார். "வீடா? இல்லையேப்பா. உனக்குத் தங்கச்சி இருக்கான்னே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"பின்ன?"

"ஆஃப்சைடு."

"ஆஃப்சைடா?"

"ஆமா. எனக்கு அது மண்டையில ஏறவே ஏறாது. இருபத்தாறு வருஷமா சொல்லிக்குடுத்தாரு. வாரத்துக்கு ஒரு விதமா சொல்லுவாரு. லிஃப்ட வெச்சு, சந்தைய வெச்சு, எங்க வீட்டு நாய வெச்சு. நாங்க வரிசையே விழுந்து விழுந்து சிரிப்போம்."

"அவ்வளவுதானா?" என்றான் பெரியவன்.

"அவ்வளவுதான்பா." டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டார். "கடைசியா சொன்னது ஞாபகமிருக்கு. டாக்டரே, பந்து கால விட்டுக் கெளம்புற நேரத்துல ஆளு எங்க நின்னான்னு மட்டும் பாரு. வந்து சேர்றப்ப எங்க இருக்கான்னு பாக்காதே. நீ எப்பவும் வந்து சேர்ற எடத்தையே பாக்கற, அதான் உனக்குப் புரியலன்னாரு. இப்பவும் புரியலதான்."

கீழே வீரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூறல் கொஞ்சம் வலுத்தது. சாக்கில் இன்னும் இரண்டு வரிசைக்குத் தலையணை இருந்தது, சின்னவள் போயிருக்க வேண்டும். போகாமல் படியில் நின்றாள். பள்ளி அணியில் நாலு வருஷம் இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் அவள் அண்ணன். அந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

"எனக்கும் புரியாது டாக்டர்," என்றான் பெரியவன், தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு. "அந்த லிஃப்ட வெச்சு சொன்னத மொதல்ல சொல்லுங்க. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க. அவசரமில்ல."